சென்னைத் தென்புறநகரில் பனிக்காலத் தோல், தலைமுடி, உடல்நலப் பராமரிப்பு

சிட்லபாக்கம், தாம்பரம் சானடோரியம், குரோம்பேட்டை, சேலையூர், செம்பாக்கம் ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய சென்னையின் தென்புறநகரில் ஐப்பசி முதல் மாசி வரையிலான மாதங்கள் மழையும் பனியும் கலந்த காலமாகும். முன்பு தனிப் பேரூராட்சியாக இருந்த சிட்லபாக்கம், 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டபோது அதனுடன் இணைக்கப்பட்டது. ஏரிகளும், ஏரிகளை ஒட்டி எழுந்த குடியிருப்புகளும், ஆங்காங்கே புதர் மண்டிய காலி மனைகளும் கொண்ட இப்பகுதியில் குளிர்காலத்தின் உடல்நலச் சிக்கல்கள் வட இந்தியாவிலோ குளிர்நாடுகளிலோ காணப்படுபவற்றிலிருந்து பெரிதும் வேறுபடுகின்றன. குளிர்காலப் பராமரிப்பு என்ற பெயரில் தமிழில் வரும் குறிப்புகள் பல, பனி பொழியும் ஊர்களுக்காக எழுதப்பட்டவற்றின் தழுவல்களாகவே இருக்கின்றன. அவற்றை இங்கு அப்படியே பின்பற்றுவதில் பயன் குறைவு. சில வேளைகளில் கேடும் உண்டு.

குளிரின் அளவு

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கிறது. இவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம், மார்கழியும் தையும் முன்பனிக்காலம், மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம் ஆகும். சென்னைப் பகுதிக்கு இந்தப் பகுப்பு ஓரளவு பொருந்துகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையாகக் கூதிர்க்காலத்தில் கொட்டித் தீர்க்கிறது. பனி அதன் பிறகே வருகிறது.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் சென்னையின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 20 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த அளவே 13.9 டிகிரிதான். கடலிலிருந்து சற்று விலகிய தாம்பரம், வண்டலூர் பக்கங்களில் விடியற்காலை இன்னும் ஓரிரு டிகிரி குறையலாம். பகலில் வெப்பம் 29 டிகிரியைத் தொட்டுவிடும். காற்றில் ஈரப்பதமும் அப்படியொன்றும் குறைந்துவிடுவதில்லை. தில்லியில் தோல் வெடிப்பதற்குக் காரணமான உலர்குளிர் இங்கு இல்லை.

ஆகவே இப்பகுதியின் குளிர்காலத்தை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதற்பாதியில் தோலுக்கு ஈரமே பகை. பிற்பாதியில் வறட்சி வருகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு வானிலையால் வருவதல்ல, குளியலறையில் உண்டாவது.

மழைநீரும் தோலும்

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற இடங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த அளவு மழை எப்போதாவது பெய்வது. ஆனால் கணுக்கால் அளவு நீர் தேங்கும் தெருக்கள் ஒவ்வொரு கார்த்திகையிலும் உண்டு. தேங்கும் நீரில் சாக்கடை நீரும் கலந்திருக்கும்.

இந்நீரில் தொடர்ந்து நடப்போருக்குக் கால்விரல் இடுக்குகளில் தோல் வெளுத்து, ஊறி, பிளந்து சேற்றுப்புண் உண்டாகிறது. பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து உண்டாக்கும் இப்புண்ணுக்கு முதல் மருந்து உலர்வுதான். வீடு திரும்பியதும் சோப்பு போட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். நனைந்த காலுறையையும் மூடிய காலணியையும் மறுநாள் அப்படியே அணிவது தவறு. மழை நாட்களில் திறந்த ரப்பர் செருப்பே மேல். ஈரமான விரல் இடுக்கில் எண்ணெயோ கொழுப்புக் களிம்போ தடவினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் புண் பெரிதாகும்.

தொடை இடுக்கு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் வட்ட வட்டமாகப் பரவும் படர்தாமரையும் இம்மாதங்களில் மிகுதி. வெயில் இல்லாமல் அரைகுறையாகக் காய்ந்த உள்ளாடைகள் இதற்கு ஒரு காரணம். படர்தாமரை இன்று முன்போல் எளிதில் குணமாவதில்லை. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத 'டிரைக்கோபைட்டன் இண்டோடினியே' என்ற பூஞ்சை இந்தியாவில் பரவலாகக் காணப்படுகிறது. இதனுடன் சேர்ந்து நிலைமையைக் கெடுத்தது மருந்துக்கடைகளில் கேட்டவுடன் கிடைத்த ஸ்டீராய்டு கலந்த களிம்புகள். அவை அரிப்பை ஓரிரு நாளில் அடக்கிவிடும். பூஞ்சையோ தோலின் எதிர்ப்பு குறைந்ததால் தாராளமாகப் பரவும். களிம்பை நிறுத்தியதும் முன்னிலும் பெரிதாகத் திரும்ப வரும். நீண்ட நாள் தடவினால் தோல் மெலிந்து, தொடையில் நிரந்தரக் கோடுகள் விழும். 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் வீட்டு அலமாரியில் மிஞ்சிக் கிடக்கும் பழைய டியூபுக்கு எந்தச் சட்டமும் பொருந்துவதில்லை.

உண்ணிக்காய்ச்சலும் கறுப்புப் பொருக்கும்

பனிக்காலத் தோல் பராமரிப்பு பற்றிய கட்டுரைகளில் இடம்பெறாத, ஆனால் தமிழ்நாட்டில் முதலில் இடம்பெற வேண்டிய நோய் உண்ணிக்காய்ச்சல். 'ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி' என்னும் பாக்டீரியாவால் வரும் இந்நோயைப் பரப்புவது, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு. புதர், உயரப் புல், எலி நடமாட்டம் உள்ள இடங்களில் இது வாழ்கிறது. மழைக்குப் பின் புல் தழைக்கும் குளிர் மாதங்களில் தமிழ்நாட்டில் நோயாளிகளின் எண்ணிக்கை உயர்கிறது. கிராமத்து நோய் என்று கருதப்பட்டாலும், காலி மனைகளில் ஆளுயரப் புல் வளரும் புறநகர்களுக்கும் இது அந்நியமானதல்ல.

கடித்த 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி தொடங்கும். பலருக்கு வறட்டு இருமலும் வரும். குளிர்காலமாதலால் 'பனி ஒத்துக்கொள்ளவில்லை' என்று நாட்கள் கழிந்துவிடுகின்றன. கவனிக்காவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்பட்டு உயிரிழப்பு நேரலாம்.

நோயைக் காட்டிக்கொடுக்கும் தடயம் தோலில்தான் இருக்கிறது. உண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கும், அதைச் சுற்றிச் சிவந்த விளிம்பும் காணப்படும். வலி இராது, அரிப்பும் பெரும்பாலும் இராது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை படும் இடம், மார்பகத்தின் அடிப்பகுதி, காதின் பின்புறம் என ஆடை மறைக்கும் இடங்களிலேயே பெரும்பாலும் அமைவதால் நோயாளிக்கே அது தெரிவதில்லை. சொல்லக் கூச்சப்படுவோரும் உண்டு. எல்லா நோயாளிகளுக்கும் இது தோன்றுவதில்லை என்பதால், பொருக்கு இல்லாமையை வைத்து நோய் இல்லை என்று முடிவு செய்யவும் இயலாது.

மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் உடல் முழுவதையும் ஒருமுறை பார்ப்பது, முதியவர்களாயின் வீட்டார் உதவியுடன் பார்ப்பது, பல சோதனைகளுக்கு ஆகும் நேரத்தை மிச்சப்படுத்தும். காய்ச்சலுக்கு வழக்கமாகத் தரப்படும் பென்சிலின், செபலோஸ்போரின் வகை மருந்துகள் இக்கிருமியிடம் வேலை செய்வதில்லை. விலை குறைந்த டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ போதும். கடுமையான நிலையில் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பயனுள்ளது என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்தைத் தேர்வதும் அளவும் மருத்துவருக்கு உரியவை. பொருக்கைக் கண்டு சொல்வது வீட்டாரால் முடியும்.

வெள்ளநீரில் நடந்தவருக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலுடன் கண் சிவப்பு, கெண்டைக்கால் தசையில் கடும் வலி, மஞ்சள் காமாலை ஆகியவை தோன்றினால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். காலில் திறந்த புண் உள்ளவருக்கு இதன் வாய்ப்பு அதிகம்.

பனி மாதங்களின் வறட்சி

தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் செங்கல்போல் அடுக்கப்பட்டு, அவற்றின் இடையே செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சுண்ணாம்புச் சாந்துபோல் பூசப்பட்டிருக்கின்றன. உடலின் நீர் ஆவியாகாமல் காப்பது இந்தச் சாந்தே. வெந்நீரும் காரமான சோப்பும் அதைக் கரைத்து எடுக்கின்றன. தோலின் இயல்பான அமிலக் காரக் குறியீடு 5-ஐ ஒட்டியது; சாதாரணக் குளியல் சோப்பினுடையது 9 முதல் 10. மார்கழியில் கீசர் வெந்நீரை இருபது நிமிடம் மேலே ஊற்றிக்கொண்டு நிற்பவருக்கு முழங்காலிலும் கையிலும் வெள்ளை படிவதற்குப் பனியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

தென்புறநகரில் இதனுடன் இன்னொன்றும் சேர்கிறது. பல வீடுகளில் குளிப்பதற்கு ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரித் தண்ணீருமே பயன்படுகின்றன; அவற்றில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்திருப்பது வழக்கம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாவிடில் 600 வரை அனுமதி உண்டு. கடினநீரில் சோப்பு நுரைக்காமல் பிசுபிசுத்த படிவாக மாறித் தோலில் ஒட்டிக்கொள்கிறது. நுரை வரவில்லையென்று மேலும் சோப்பு தேய்ப்பதால் வறட்சி கூடுகிறது.

இதற்கான தீர்வுகள் எளியவை. நீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளியல் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகியவற்றுக்குப் போதும். குளித்தவுடன், தோல் முழுவதும் உலர்வதற்குள், ஈரக்காப்புக் களிம்பைத் தடவினால் உள்ளிருக்கும் நீர் தங்கும்; ஒரு மணி நேரம் கழித்துத் தடவுவதில் பாதிப் பயன் போய்விடுகிறது. விலை உயர்ந்த களிம்பு தேவையென்பதில்லை. பெட்ரோலியம் ஜெல்லி நீரிழப்பைத் தடுப்பதில் பலவற்றைவிடச் சிறந்தது. தேங்காய் எண்ணெயும் நல்ல காப்பு. கரப்பான் உள்ள குழந்தைகளிடம் பிலிப்பைன்சில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில் அது கனிம எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. ஆலிவ் எண்ணெய் அவ்வாறல்ல. அதிலுள்ள ஒலியிக் அமிலம் தோலின் காப்பைக் குலைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. விலையை வைத்து அதை உயர்வாகக் கருதிக் கைக்குழந்தைக்குத் தேய்ப்போர் இதை அறிவது நல்லது.

உதடு வெடித்தால் நாவால் ஈரப்படுத்துவதைக் குழந்தைகள் நிறுத்தினாலே பாதி குணமாகும்.

குதிகால் பித்தவெடிப்புக்குப் பித்தத்துடன் தொடர்பில்லை. தடித்த தோல் உலர்ந்து, உடல் எடை தாங்காமல் பிளப்பதே அது. யூரியா கலந்த களிம்பை இரவில் தடவிக் காலுறை அணிந்து படுத்தால் சில வாரங்களில் இளகும். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் இந்த வெடிப்பு அழகுப் பிரச்சினையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. மார்கழியில் வெறுங்காலுடன் கோயிலைச் சுற்றுவோரும், சபரிமலைக்கு மாலை போட்டுச் செருப்பைத் துறந்தோரும், பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளாயின், நாள்தோறும் இரவில் பாதத்தின் அடிப்பகுதியைக் கண்ணாடி வைத்தேனும் பார்க்க வேண்டும். தெரியாமல் ஏறிய முள்ளும் கவனிக்காத வெடிப்புமே பின்னர் விரலை இழக்கக் காரணமாகின்றன. மரத்த பாதத்தை வெந்நீரில் ஊறவைப்பதும் ஆபத்து. சூடு உறைக்காமல் கொப்புளம் போட்டுவிடும்.

எண்ணெய்க் குளியல்

தீபாவளியன்று தொடங்கிச் சனிக்கிழமை ஆண்களுக்கும் வெள்ளிக்கிழமை பெண்களுக்கும் நல்லெண்ணெய்க் குளியல் என்பது தமிழ் வீடுகளின் நெடுநாள் வழக்கம். தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கிவரும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கும் இப்பகுதியில் இவ்வழக்கத்துக்கு மதிப்பு கூடுதல். வறண்ட தோலுக்கு இது நல்லதே. சீயக்காயிலுள்ள சப்போனின் சோப்பைப்போல் காரமானதல்ல என்பதும் ஒரு நன்மை.

கைக்குழந்தைகளின் எண்ணெய்க் குளியலில் மட்டும் இரண்டு பழக்கங்களை விட்டுவிட வேண்டும். சளி எடுப்பதாக எண்ணி மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுவது முதலாவது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி, எளிதில் ஆறாத ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். தலை காய்வதற்காக மூடிய அறையில் சாம்பிராணிப் புகை போடுவது இரண்டாவது. பாட்டிமாரின் மனம் நோகாமல் இவற்றை நிறுத்துவது கடினம்தான். தூபக்காலை வாசற்பக்கம் நகர்த்தி, குழந்தையின் தலையைப் பருத்தித் துண்டால் துவட்டிவிடலாம்.

தலைமுடி

தை, மாசி மாதங்களில் முடி கொட்டுவதாகப் பலர் கூறுவர். பழி பெரும்பாலும் போர்த்தண்ணீர் மேல் விழும். ஆனால் கோயம்புத்தூரில் நடந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், கடினநீரில் நனைத்த முடிக்கும் தூய நீரில் நனைத்த முடிக்கும் இழுவிசை வலிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கடினநீரால் முடி சொரசொரப்பாகவும் சிக்கலாகவும் ஆகலாம். வேரோடு உதிர்வதற்கு அதுவே காரணம் என்று சொல்ல முடியாது.

பல சமயங்களில் உண்மைக் காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. டெங்கு, சிக்குன்குன்யா போன்ற கடுங்காய்ச்சலின்போது வளரும் நிலையிலிருந்த முடிகள் பல ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குச் செல்கின்றன. அவை உதிர்வதோ இரண்டு மூன்று மாதங்கள் கழித்து. ஐப்பசி மழையில் கொசு கடித்து வந்த காய்ச்சலை எல்லோரும் மறந்துவிட்ட தை மாதத்தில் சீப்பு நிறைய முடி வருகிறது. இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் தானாக நின்று, முடி மீண்டும் வளரும். இடைப்பட்ட காலத்தில் ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய எண்ணெய்க்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. ஆறு மாதம் கடந்தும் நில்லாவிட்டால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதிப்பது பொருத்தம்.

தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, தலை கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது. 2003-ல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒப்பீட்டில் சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் இப்பயனைத் தரவில்லை. ஆக, குளிப்பதற்கு முன் முடியில் தடவுவது நல்லது. பொடுகு இருந்தால் மட்டும் உச்சந்தலையில் எண்ணெய் ஊறவிடக் கூடாது. பொடுகுடன் தொடர்புடைய 'மலசீசியா' என்ற ஈஸ்ட் கொழுப்பைத் தின்று வாழ்வது. எண்ணெய் அதற்கு விருந்து. கீட்டோகோனசோல் அல்லது செலினியம் சல்பைடு உள்ள ஷாம்பூவை வாரம் இருமுறை தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். தேய்த்தவுடனே கழுவிவிட்டு 'ஷாம்பூ பயன் தரவில்லை' என்று மாற்றிக்கொண்டே இருப்பது வீண்.

மூச்சு

1928-ல் மருத்துவர் டேவிட் சவுரிமுத்து தாம்பரத்தை அடுத்து ஒரு காசநோய் மருத்துவமனையை நிறுவினார். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்திய அவரிடம் கணிதமேதை இராமானுஜனும் சிகிச்சை பெற்றிருந்தார். அந்நாளில் காசநோய்க்கு மருந்தில்லை. திறந்தவெளியும் நல்ல காற்றும்தான் மருத்துவம். அந்த நிறுவனமே இன்றைய அரசு நெஞ்சக மருத்துவமனை. தாம்பரம் சானடோரியம் என்ற ஊர்ப்பெயரும் ரயில் நிலையப் பெயரும் அதிலிருந்தே வந்தன. காற்றுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே இடத்தில் இன்று போகிப் பண்டிகையன்று விடியற்காலையில் மூச்சு விடுவது சிரமமாக இருக்கிறது.

பனிக்காலை நேரங்களில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே எழும்பாமல் நிற்கும். டயரும் பிளாஸ்டிக்கும் எரித்த புகை அதில் சிக்கிக்கொள்கிறது. 2018 போகியன்று அருகிலுள்ள மீனம்பாக்கம் விமான நிலையத்தில் புகைமூட்டத்தால் விமானங்கள் பாதிக்கப்பட்டன. ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று காலை நடைப்பயிற்சியைத் தவிர்த்துச் சன்னல்களை மூடிக்கொள்வதும், இன்ஹேலரை முதல்நாளே வாங்கி வைப்பதும் நல்லது.

மார்கழி விடியலில் ஓசோன் தரைக்கு இறங்கி வருவதால் அந்தக் காற்று உடலுக்கு நல்லது என்ற செய்தி ஆண்டுதோறும் வலம் வருகிறது. இது தவறு. தரையருகே உள்ள ஓசோன் மூச்சுக்குழாயை அரிக்கும் மாசு. அது உருவாக வெயில் வேண்டுமாதலால் விடியற்காலையில் அதன் அளவு குறைவாகவே இருக்கும். அதிகாலையில் எழுந்து கோலம் போடுவதற்கு ஓசோன் தேவையில்லை.

பனிக்கு அஞ்சிச் சன்னலை அடைத்து, கொசுவர்த்திச் சுருள் கொளுத்தித் தூங்குவது இப்பகுதியின் வழக்கம். ஒரு சுருள் எரிந்து முடிகையில் வெளியாகும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கொசுவலையே பாதுகாப்பானது.

சளிக்கு ஆவி பிடிப்பது சற்று நேர ஆறுதல் தரும். நொச்சி இலை சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரத்துடன் குழந்தையை உட்காரவைப்பதால் தீக்காயங்கள் நேர்கின்றன. குழந்தைகளுக்கு ஆவி வேண்டாம்.

இன்புளூயன்சா காய்ச்சல் ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரையும், தில்லியில் ஜூலை முதல் செப்டம்பர் வரையும் உச்சம் அடைகிறது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பரில் கூடுகிறது. எனவே முதியோரும் கர்ப்பிணிகளும் நுரையீரல் நோயாளிகளும் தடுப்பூசியை மழை தொடங்குமுன், செப்டம்பர் வாக்கில் போட்டுக்கொள்வது பொருத்தமாக இருக்கும். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலைப் பனி இருமல் என்று விட்டுவிடாமல் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.